மூன்று புள்ளடி

மேல் பிரிவு லயம்,
யட்டியாந்தோட்டை.
28.08.2024

மரியாதைக்குரிய டீச்சர் அம்மாவுக்கு,

இந்த லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டில் பிறந்தவளை இப்படிக் கூப்பிட எனக்கே கூச்சமாக இருக்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் மகள் நிரோஷிகாவின் பள்ளிக்கூடக் கொப்பிக்குள் வைத்து அனுப்புகிறேன்.

ஜனாதிபதித் தேர்தல் எப்படி நடக்கிறது என்று பத்தாம் வகுப்புக்குக் காட்ட, பழங்களை வேட்பாளராக நிறுத்தித் தேர்தல் வைத்தாயாம். நிரோஷிகா சீட்டில் பெருக்கல் குறி மாதிரி மூன்று புள்ளடி போட்டாளாம். "யாரு இப்படிப் போடச் சொன்னது?" என்று கேட்டாயாம். "அம்மாதான் மிஸ்" என்றாளாம். அதற்கு நீ, "அப்ப ஒங்கம்மா ஓட்டும் குப்பைக்குத்தான் போயிருக்கும்" என்றாயாம். வகுப்பே சிரித்திருக்கிறது.

பிள்ளை வந்து தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால், "என்னா தர்மிளா, மூணு புள்ளடியா?" என்று கேட்கிறார்கள். இன்று காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் கங்காணியும் கேட்டுவிட்டார். வருகிற இருபத்தோராம் தேதி நான் ஓட்டுப் போடப் போவதில்லை. குப்பைக்குப் போகிற ஓட்டுக்கு மழையில் எதற்கு இரண்டு மைல் நடக்க வேண்டும்?

இப்படிக்கு,
குப்பை ஓட்டுக்காரி தர்மிளா


29.08.2024

என் தர்மிக்கு,

நான் சொன்னது பிழைதான். வாய் முந்திவிட்டது. ஆனால் என் பாட்டையும் கொஞ்சம் பார். ஒரு கிழமையாகத் தொண்டை கிழியப் படிப்பித்துத்தான் அந்தத் தேர்தலை வைத்தேன். ரம்புட்டானுக்குப் பன்னிரண்டு, மங்குஸ்தானுக்கு ஒன்பது, தூரியனுக்கு மூன்று. பாதிக்கு மேல் ஒருவருக்கும் இல்லை. தூரியனை நீக்கி, அந்த மூன்று பேரின் இரண்டாம் விருப்பைப் பார்த்தால் மூன்றும் மங்குஸ்தானுக்கு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு! சீட்டுக் குலுக்கித்தான் மங்குஸ்தான் ஜனாதிபதியானது. உன் மகளுக்கு முதல் விருப்பம் ரம்புட்டானாம். அவள் சீட்டு செல்லுபடியாகியிருந்தால் ரம்புட்டான் முதலிலேயே வென்றிருக்கும். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

பார்லிமென்ட் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டு, பிறகு மூன்று பேரின் இலக்கத்துக்கும் புள்ளடி போடுகிறோம். ஜனாதிபதித் தேர்தலில் அப்படி இல்லை. 1, 2, 3 என்று எழுத வேண்டும். ஒருவருக்கு மட்டும் என்றால் ஒரு புள்ளடி போதும். இரண்டுக்கும் விருப்பு வாக்கு என்றே பெயர் வைத்து எல்லாரையும் குழப்பிவிட்டார்கள்.

2019இல் நான் கேகாலையில் ஓட்டு எண்ணப் போனபோது மூன்று புள்ளடிச் சீட்டுகள் கட்டாக வந்தன. "எந்தத் தோட்டத்து மடச்சிகளோ" என்று சிரித்துச் சிரித்து ஒதுக்கினோம். உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்த ஆள் யார்? பேரைச் சொல், நேரில் போய் நாலு வார்த்தை கேட்கிறேன்.

அன்புடன்,
விஜயகலா


30.08.2024

விஜி,

அந்த ஆள் நீதான்.

2019 தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் வேலை கிடைத்து முதல்முதலாக லயத்துக்கு வந்தாய். கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற புள்ளைக் காம்பராவில் எங்களை உட்காரவைத்து, "விருப்பு வாக்கு மூணு இருக்கு, ஒண்ணையும் வீணாக்காம மூணையும் போடுங்க" என்றாய். இலக்கம் எழுத வேண்டும் என்று நீ சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்தது புள்ளடிதான். நாற்பது பேர் போட்டோம். நம்ம புள்ள சொல்லுது என்று கருப்பாயி அக்கா பக்கத்து லயத்துக்கும் போய்ச் சொன்னாள்.

இன்று பீலியடியில் சிரிக்கிறவர்களும் அன்று மூன்று போட்டவர்கள்தான். தங்கள் ஓட்டும் அப்படித்தான் போனது என்று ஒருத்திக்கும் உறைக்கவில்லை. நான் உன் பேரைச் சொல்லவில்லை. என் மகளிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு நான் மடச்சியாகவே இருக்கிறேன்.

ஒன்றுதான் கேட்கிறேன். எந்த வகுப்பில் என்னைச் சொன்னாயோ, அதே வகுப்பில் உன்னைச் சொல்.

தர்மிளா


12.09.2024

தர்மி,

இரண்டு கிழமையாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். அந்தச் சீட்டுக் கட்டு இன்னும் கையில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. நம் லயத்துச் சீட்டுகளாகவும் இருக்கலாம் என்று ஐந்து வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை.

லயத்துக்கு வந்து எல்லாரிடமும் சொல்கிறேன். வகுப்பில் மட்டும் வேண்டாம். பிறகு ஒரு பிள்ளை என் பேச்சைக் கேட்குமா?

விஜி


13.09.2024

டீச்சருக்கு,

லயத்துக்கு வர வேண்டாம். இங்கே உன்மேல் யாருக்கும் கோபமில்லை, தங்கள் ஓட்டு வீணானதே தெரியாது. வகுப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது என் பிள்ளை.

தர்மிளா


24.09.2024

அன்புள்ள விஜிக்கு,

வியாழக்கிழமை நிரோஷிகா மூச்சு வாங்க ஓடிவந்தாள். கரும்பலகையில் மூன்று புள்ளடி போட்டு, கீழே உன் பேரை எழுதினாயாம். "நிரோஷிகாவோட அம்மாவுக்குத் தப்பா சொல்லிக் குடுத்தது நான்தான்" என்றாயாம். யாரும் சிரிக்கவில்லையாம். "நீங்க ஏம்மா முன்னமே சொல்லல?" என்று என்னைக் கேட்டாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடித்தாள்.

சனிக்கிழமை நானும் போனேன். 1 எழுதினேன், 2உம் எழுதினேன். யாருக்கென்று உனக்கும் சொல்ல மாட்டேன். மறுநாள் இரண்டாம் விருப்பையும் எண்ணுகிறார்கள் என்று செய்தியில் சொன்னதும் லயமே எங்கள் காம்பராவுக்கு வந்துவிட்டது. நிரோஷிகா ரம்புட்டான், மங்குஸ்தான் என்று எல்லாருக்கும் விளக்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

எல்லாம் கேட்டுவிட்டுக் கருப்பாயி அக்கா, "அப்ப போனவாட்டி நம்ம ஓட்டெல்லாம் என்னாச்சு?" என்றாள். நீ சொல்லிக் கொடுத்ததுதான் பிழை என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு நீ வந்து பதில் சொல். ஞாயிற்றுக்கிழமை வா, சோறு ஆக்கிவைக்கிறேன். அதற்கு முன்னால் போனில் ஒரு கோல் எடு. கத்தத்தான் போகிறேன், கேட்டுக்கொள்.

உன் தர்மி