வலை மச்சில் ஓடிய கரண்டு

மச்சான்,

இன்று காலை கடல் பக்கமிருந்து ஈரக் கொண்டல் காற்று ஏறியதும் டிரிப் சுவிட்ச் டப்பென்று விழுந்து, வீடு முழுக்கக் கரண்டு போனது. உன் அக்கா அடுப்பங்கரையிலிருந்து என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் கத்தவில்லை. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி ஒயரில் எலி வாய் வைத்திருந்தது. அதை ஓரங்கட்டிவிட்டுச் சுவிட்சைத் தூக்கினேன், திரும்ப விழவில்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து உன் ஞாபகமாகவே இருக்கிறது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இருந்தவரை உனக்கு நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மச்சு அறை என் பிடிவாதத்தில் வந்தது. அப்பா காலத்திலிருந்து தகரக் கூரைக்கு அடியில் வலை போட்டு வைத்த மச்சு. உப்பு ஏரியிலிருந்து வந்ததும் ஈரம் சொட்டச் சொட்ட வலையை உத்தரத்தில்தான் தொங்கவிடுவோம். மகள் பன்னிரண்டாவது போனதும், கீழே டி.வி. சத்தத்தில் படிக்க முடியவில்லை என்றாள். வலையை எல்லாம் கொல்லைக் கொட்டகைக்கு மாற்றி, பலகை அடித்து, மேசை போட்டு, அதை அவளுக்கு அறையாக்கினேன். ஒயரிங்கும் நானே. நீ சுண்ணாம்புக்குளத்தில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரம் முழுக்க ஒயரிங் வேலை பார்க்கிறவன். உன்னைக் கூப்பிடவில்லை. மச்சினனிடம் போய் நிற்பதா என்கிற திமிர்தான்.

ஒயர் பத்தாத இடங்களில் துண்டு சேர்த்தேன். வலை கட்டுகிறவன் கை சும்மா இருக்குமா? கம்பிகளை வலை முடிச்சாகவே போட்டு, டேப்புக்குப் பதில் நைலான் நூலை இறுக்கிச் சுற்றி, உத்தரத்தோடு ஆணியடித்தேன். ரெண்டு பேர் பிடித்து இழுத்தாலும் வராது என்று தெருவில் பீற்றிக்கொண்டது வேறு. ஆனால் கொண்டல் அடித்தால் போதும், டிரிப் விழும். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள், கோளாறே அந்தச் சுவிட்சில்தான் என்று முடிவு கட்டி, அதைத் தாண்டி ஒயரை டைரக்டாகக் கொடுத்துவிட்டேன். அப்புறம் விழவே இல்லை. பெரிய இன்ஜினியர் ஆகிவிட்டதாக நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ வந்தாய். உட்காரக்கூட இல்லை, நேரே மச்சுக்கு ஏறினாய். இறங்கி வந்ததும் மச்சுக்குப் போகிற பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய்.

"இன்னாடா பண்ற? பொண்ணுக்கு அடுத்த வாரம் பரீட்சை கீது!"

"அதான் மாமா புடுங்கினேன். சாமான் வாங்கியாந்து நானே போட்டுத் தரேன். அதுவரிக்கும் மேல கரண்டு வேணாம்."

"நான் போட்ட முடிச்சு அவுந்துடுமா?"

"அவுராது மாமா. நான் அதைச் சொல்லல."

வாசல்வரை துரத்தி வந்து கத்தினேன். நாலு வீட்டு ஆட்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். என் வீட்டு விளக்கை அணைக்க வந்தவன் என்றேன். இனி என் வாசப்படியை மிதிக்காதே என்றும் சொன்னேன். நீ பியூஸ் கட்டையோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய்.

மறுநாளே பைப்பும் ஒயருமாக வந்து நின்றாய், மிதிக்காதே என்ற படியை நன்றாக மிதித்துக்கொண்டு. அன்று காற்றில் நல்ல ஈரம். என்னை மேலே கூப்பிட்டு, பியூஸ் கட்டையைச் சொருகி, காய்ந்த பலகைமேல் நின்று டெஸ்டரை உத்தரத்தில் வைத்தாய். ஒயரில் இல்லை, வெறும் மரத்தில். டெஸ்டர் எரிந்தது. கூரைத் தகரத்தில் வைத்தாய். அங்கேயும் எரிந்தது. மகள் மேசையில் உட்கார்ந்து கையை நீட்டினால் எட்டுகிற தகரம்.

"காலமெல்லாம் உப்புத்தண்ணி குடிச்ச மரம் மாமா. ஈரக்காத்து பட்டா அதுவும் ஒயருதான். டிரிப்பு அதைத்தான் தெனம் சொல்லிகினு இருந்துச்சு. நீ அதும் வாயைக் கட்டிட்ட."

நான் ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ பார்த்தும் பார்க்காதவன்போல வேலையை ஆரம்பித்தாய். உத்தரத்தைத் தொடாமல் சுவரோடு பைப் ஓட்டினாய். நடுவில் ஒரு இணைப்புகூட இல்லாமல் முழு ஒயராக இழுத்தாய். தகரத்துக்கு எர்த் கொடுத்தாய். டிரிப்பைத் திரும்ப மாட்டி, அதன் சோதனைப் பொத்தானை என்னையே அழுத்தச் சொன்னாய். சாயங்காலம் அவள் புத்தகத்தோடு மேலே போனாள். "வாடா, நண்டுக் கொழம்பு கீது" என்று மட்டும் சொன்னேன். நீ மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஏன் வந்தாய் என்று நான் யோசித்ததே இல்லை. மார்வலியில் நீ போய், பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு மகள்தான் சொன்னாள். இப்போது அவள் பொன்னேரியில் நர்ஸ்.

"நைனா, அப்ப ஒரு வாரமா தகரத்துல கை பட்டா சுள்ளுனு இருந்துச்சு. உன்கிட்ட சொன்னா, நான் போட்டதையா குறை சொல்றனு கத்துவ. அதான் மாமாவுக்குப் போன் பண்ணேன். நான் சொன்னேன்னு சொல்லக் கூடாதுனு சத்தியமும் வாங்கினேன்."

அத்தனை பேர் முன்னால் நான் கத்தியபோது, உன் பொண்ணுதான் கூப்பிட்டுச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். ஆனால் என் கோபம் அவள்மேல் திரும்பியிருக்கும். நீ சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, சாகும்வரையும் இல்லை. அவள் உயிரோடு இருப்பது உன்னால். அதை இந்தக் கடிதத்தில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். உனக்கு ரொம்ப நன்றிடா.

கரண்டைவிட என் பிள்ளை என்னைக் கண்டுதான் அதிகம் பயந்திருக்கிறாள், மச்சான். போன வாரம் போன் செய்து, "நைனா, ஒண்ணு சொல்லணும், கோச்சுக்கக் கூடாது" என்றாள். அவளுக்குப் பிடித்த பையன் ஒருவன் இருக்கிறானாம். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டேன். உன் அக்காவுக்குக்கூட இன்னும் தெரியாது. என்னிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள்.