அவசரம் ஃபோல்டர்

ஜூலை 5, சனி

விடிந்ததிலிருந்து மழை. தகரத்தில் விழும் சத்தத்தில் அடுப்படியிலிருந்து சுமதி கூப்பிட்டதுகூடக் கேட்கவில்லை. சித்தப்பாவின் கருமாதி அட்டை வேலை ஆரம்பம். பதினாறாம் நாள் வருகிற 13, ஞாயிறு. வியாழனுக்குள் அட்டை ஹட்டன் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

போகவில்லை. கம்ப்யூட்டர் மூலையில் இரண்டு அம்புகள் ஒன்றையொன்று துரத்துகின்றன. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்த ஓட்டம், பகல் சோறு வரைக்கும் முடியவில்லை. கிளவுட் ஃபோல்டரில் நான் போடுவது எதுவும் மேலே ஏறவில்லை.

இந்த அட்டையில் என் பேர் இருக்கும். நானே அடிப்பதால் இருக்கும். மரண அறிவித்தலில் இல்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன், மறந்து மன்னித்துத் தொலைக்காமல் இருக்க.

ஜூன் 28. சித்தப்பா விடியற்காலை போனார். நாலு வயதில் அப்பாவைப் பறிகொடுத்த என்னை வளர்த்து ஆளாக்கியவர். சாவு வீட்டுக்காரன் நோட்டீஸ் வேலை பார்க்கக்கூடாது என்றார்கள். செல்வராஜ் தானாகவே வந்தான். "நீ பேர் லிஸ்ட்ட மட்டும் அடிச்சு ஃபோல்டர்ல போடு மச்சான். மத்தத நான் பாத்துக்கிறேன்." நோட்டீஸ் டிசைன் தொழிலை நான் சொல்லிக் கொடுத்தவன். மூன்று வருடம் என் பக்கத்து நாற்காலி. போன வருடம் என் டிசைன்கள் அத்தனையையும் பிரதி எடுத்துக்கொண்டு நோர்வூட்டில் தனிக்கடை போட்டவன். அச்சகத்தின் ஃபோல்டர் மட்டும் இன்னும் இருவருக்கும் பொது.

சித்தப்பாவின் சொந்தப் பிள்ளைகள் மூவர் பேரை முதலில் அடித்து சேவ் செய்தேன். என் பேரையும் போடவா என்று மூத்தவள் பரமேஸ் அக்காவிடம் கேட்டேன். அழுகைக்கு நடுவிலும் அதட்டினாள். "கேக்குற கேள்வியாடா இது?" போட்டேன். சேவ் செய்தேன். கரண்ட் போனது. பிணத்தருகில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து மணிக்கு நோட்டீஸ் வந்தது. மகன்மார் இருவர், மகள் ஒருத்தி. நான் இல்லை. தேயிலை ஃபாக்டரி கேட், கோயில், பஸ் நிற்கும் இடம், எங்கேயும் இல்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது பின்னால் இரண்டு கிழடுகள்: "இவன வளத்தாருன்னு சொல்றாங்க. நோட்டீஸ்ல காணோமே."

என் கம்ப்யூட்டரில் அந்த ஃபைல் இன்னும் இருக்கிறது. திறந்தால் என் பேர் நாலாவதாக நிற்கிறது. ஆக, எடுத்தது யார்? கேட்கவே வேண்டியதில்லை. இனி அவன் இங்கே வெறும் செ. முழுப் பேர் எழுதக் கை கூசுகிறது.

ஜூலை 6, ஞாயிறு

மழை. கீரை, தேங்காய், டோர்ச் பெட்டரி வாங்கவேண்டும். வாங்கவில்லை.

செய்து பார்த்தவை: கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டேன், ஆறு தடவை. கூரையில் கட்டிய ரவுட்டரை இறக்கித் துடைத்துத் திரும்பக் கட்டினேன், முழங்கையில் சிராய்ப்பு. ஃபைல் பேர் நீளமோ என்று சுருக்கினேன். இடம் நிரம்பிவிட்டதோ? இல்லை, பாதிகூட இல்லை. கடைசியில் கிளவுட் புரோகிராமைக் கழற்றிப் போட்டுப் புதிதாக இறக்கலாம் என்று பார்த்தால் அந்தப் பக்கமே திறக்கவில்லை. சிவப்பில் ஒரு முக்கோணம். உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல, உங்கள் தகவலை யாரோ திருட முயலலாம் என்று ஆங்கிலத்தில்.

யாரோ. எனக்கா தெரியாது யார் என்று.

பாஸ்வேர்டு மாற்றப் போனேன். அதற்கும் அதே முக்கோணம். செ. உள்ளே உட்கார்ந்துகொண்டு கதவைப் பிடித்திருக்கிறான். போன மாதம் வரை எனக்கு வந்த சாவு நோட்டீஸ் எல்லாம் இப்போது அவனிடம் போவது சும்மாவா.

வேறு வழி யோசித்தேன். பென் டிரைவ் அச்சகத்தில் வாங்க மாட்டார்கள், ஒரு தடவை வைரஸ் வந்து பட்டிருக்கிறார்கள். என் ஸ்மார்ட் போன் சாவு வீட்டு மழையில் நனைந்து அதுவும் செத்துவிட்டது, கையில் இருப்பது சுமதியின் பழைய பட்டன் போன். நோர்வூட்டில் நெட் உள்ள கம்ப்யூட்டர் கடை ஒன்றே ஒன்றுதான். யாருடையது என்று எழுத மாட்டேன்.

சுமதி: "போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்களேன். வாய்க்கு என்ன கேடு?"

வாய்க்குக் கேடு இல்லை. மானத்துக்குக் கேடு.

ஜூலை 7, திங்கள்

காலை கொஞ்சம் வெயில், பத்து மணிக்குள் மூட்டம். அம்பு சுற்றுகிறது.

இன்று ஒரு காரியம் செய்தேன். சொல்லப்போனால் இந்த வாரத்தில் மனசு குளிர்ந்த ஒரே காரியம். செ.வுக்கு மரண அறிவித்தல் தயார் செய்தேன்.

அச்சக ஃபோல்டருக்குள் 'அவசரம்' என்று ஒன்று இருக்கிறது. சாவு நோட்டீஸ் மட்டும் போடும் இடம். அதில் எது விழுந்தாலும் மெஷின் ஓட்டும் நிமல் கேள்வி கேட்காமல் ஐம்பது அடித்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவான். பிணம் காத்திருக்காது என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. நிமல் சிங்களவன், தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. அந்த ஃபோல்டரில்தான் நோட்டீஸ் மாதிரிகள் எல்லாம் கிடப்பதால் அங்கேயே திறந்து அங்கேயே சேவ் செய்தேன். இப்போது எதுவும் எங்கேயும் போவதில்லை, பயமில்லை.

"நோர்வூட்டைப் பிறப்பிடமாகவும், அடுத்தவன் டிசைனை வதிவிடமாகவும் கொண்ட செல்வராஜ் அவர்கள் வெட்கத்தினால் காலமானார்." நாலு தடவை வாசித்தேன். நாலு தடவையும் நன்றாக இருந்தது.

சுமதி பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கும் வேலை முடிந்து வந்தவள் பின்னால் நின்று பார்த்துவிட்டாள். "ஏங்க, உசுரோட இருக்குற மனுசனுக்கு யாராச்சும் இத செய்வாங்களா? அழிங்க."

"எங்கயும் போகாது."

"போகுதோ போகலையோ. அழிங்கன்னா அழிங்க."

அழித்தேன் என்று சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய்

அடை மழை. கீழ் லயத்து வீடுகளுக்குள் தண்ணீர் என்று சொல்கிறார்கள். மூன்று தடவை கரண்ட் போய் வந்தது.

பரமேஸ் அக்கா குடையோடு வந்தாள். கருமாதி அட்டைக்குப் பேர் லிஸ்ட். "உன் பேர மொதல்ல போட்டுக்கடா. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க." அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பது போல் எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது சொன்னாள்: "நேத்து செல்வாவக் கண்டேன். ஃபோல்டர்ல வந்ததத்தான் போட்டேன், ஒரு எழுத்தக்கூட எடுக்கலன்னு சத்தியம் பண்றான். நீ போன எடுக்க மாட்டேங்குறியாமே?"

என் ஸ்மார்ட் போன் செத்தது அவனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஜூன் 28 ஃபைலைத் திறந்து அக்காவுக்குக் காட்டினேன். விரலால் தொட்டுக் காட்டினேன். நாலாவது பேர், மோகன். அவள் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். "அப்ப பொய்யா சொல்றான் பாவி?"

ஒரு சாட்சி கிடைத்தது. போதும்.

அவள் போனபின் நோட்டீஸை மறுபடி எடுத்தேன். நேற்று எழுதியது மட்டம். திட்டினால் அது வெறும் திட்டு, முறைப்படி செத்தால்தான் செத்த மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒழுங்காக எழுதினேன். "நோர்வூட்டைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திரு. செல்வராஜ் அவர்கள் காலமானார். இறுதிக் கிரியைகள் பின்னர் அறிவிக்கப்படும்." இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே வெள்ளைத் தாமரை. படத்துக்கு என் கல்யாண ஆல்பத்தைத் தேடி, எனக்குத் தோழனாக நின்ற படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுத்தேன். சிரித்துக்கொண்டிருக்கிறான்.

மனைவி, பிள்ளைகள் பேர் வரவேண்டிய இடத்தில் ஒருவரையும் போடவில்லை. அவன் எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்தேன். வேலை அவ்வளவு நேர்த்தி, நானே சொல்லக்கூடாது.

ஜூலை 9, புதன்

தூறல். கம்ப்யூட்டர் பெட்டியை உரச் சாக்கில் சுற்றி நோர்வூட் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர்: "அண்ணே, கோழியா கொண்டு போறீங்க?" ஒருவரும் சிரிக்காமல் இல்லை.

செ. கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தான். எழுந்து வாசலுக்கு வந்தான். "மச்சான்" என்று கூப்பிட்டது கேட்டது. நான் சாக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ரிஸ்வான் நானாவின் மணிக்கூட்டுக் கடை. போனும் பார்ப்பார், கம்ப்யூட்டரும் பார்ப்பார். செ. உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அடைத்து வைத்திருப்பதாக விவரமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே திரையை மாட்டினார். மூலையைப் பார்த்தார்.

"தம்பி, இது எந்தக் காலத்துல நிக்கிதுன்னு பாத்தீங்களா?"

2009 ஜனவரி 1.

உள்ளே ஒரு சின்ன வட்டப் பெட்டரி இருக்கிறதாம். கரண்ட் இல்லாதபோது திகதியை ஞாபகம் வைத்திருப்பது அதன் வேலை. செத்துப்போயிருக்கிறது. "நெட்டுல உள்ள பூட்டுக்கெல்லாம் திகதி இருக்கு தம்பி. இது பழைய காலத்த சொல்லிட்டு நின்னா அவங்க எப்படிக் கதவத் தொறப்பாங்க? பெட்டரி செத்தபொறகு மொதல்ல எப்ப கரண்ட் போச்சோ, அன்னைக்கே இது நின்டிருக்கும்."

சுவரில் நாட்காட்டி தொங்கும்போது கம்ப்யூட்டர் மூலையில் திகதியை யார் பார்க்கிறார்கள்? பெட்டரி மாற்றினார். இரண்டு நிமிட வேலை.

உண்மையைச் சொன்னால் ஏமாற்றமாக இருந்தது. உளவும் இல்லை, திருட்டும் இல்லை, ஒரு பொத்தான் அளவு பெட்டரி. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்து மனதைத் தேற்றிக்கொண்டேன். கதவை அடைத்தது பெட்டரியாக இருக்கட்டும். நோட்டீஸிலிருந்து என் பேரை எடுத்தது பெட்டரி இல்லையே.

வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. நாளைக்கு.

ஜூலை 10, வியாழன்

காலை 9.20. வெயில். கம்ப்யூட்டர் மாட்டினேன். திகதி சரி. நெட் வந்தது. அம்பு சுற்றவில்லை, பச்சைக் கோடு ஓடுகிறது. 41 ஃபைல்கள் வரிசையில் நிற்பதாகச் சொல்கிறது. சந்தோசத்தில் சுமதியைக் கூப்பிட்டேன், அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

9.30. வரிசையில் முதலாவது எது என்று பார்த்தேன்.

சித்தப்பா நோட்டீஸ் பேர் லிஸ்ட். ஜூன் 28.

புரியவில்லை. அது அன்றைக்கே போய்விட்டதே. கிளவுட்டில் போய் அந்த ஃபைலின் பழைய பதிவுகளைத் திறந்தேன். இரண்டு இருந்தன. ஒன்று ஜூன் 28 காலை 6.10. திறந்தேன். மூன்று பேர். அடுத்தது இன்று, இப்போது, ஐந்து நிமிடத்துக்கு முன். நாலு பேர்.

என் பேரை நான் இரண்டாவது தடவைதான் சேர்த்தேன். சேவ் செய்ததும் கரண்ட் போனது. அன்றிலிருந்து திகதி நின்றிருக்கிறது. என் பேர் இந்தக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகவே இல்லை. அவனுக்கு வந்தது மூன்று பேர். அவன் போட்டது மூன்று பேர்.

எழுந்து பின்கதவைத் திறந்துகொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மலையில் கொழுந்து எடுப்பவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவனிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மச்சான், ஒரு பிழை நடந்துபோச்சு. மச்சான், பெட்டரி. எதுவும் சரியாக வரவில்லை.

அப்புறம்தான் மற்ற நாற்பது ஃபைல் ஞாபகம் வந்தது.

ஓடி வந்தேன். எல்லாம் பச்சை. கருமாதி அட்டை பச்சை. அவசரம் ஃபோல்டர், உள்ளே ஒன்று, அதுவும் பச்சை. அழித்தேன். அழித்த இடத்திலிருந்தும் அழித்தேன். ரவுட்டர் வயரைப் பிடுங்கினேன். அச்சக நம்பர் செத்துப்போன ஸ்மார்ட் போனோடு போய்விட்டது. அங்கே இங்கே கேட்டு நம்பர் எடுக்கும்போது பகல் ஒன்றரை.

நிமல் எடுத்தான். என் குரலைக் கேட்டதும் அவனே ஆரம்பித்தான். "மோகன் அய்யே, படத்தக் கண்டன், என்ன அநியாயம் இது. செல்வா மாத்தயா நல்ல மனுசன் நே. நான் ஐம்பது அடிக்க இல்ல, நூறு அடிச்சன். பதினொரு மணி பஸ்ல போட்டாச்சு. காசு வேணாம்."

நூறு.

நோர்வூட் பஸ் நிற்கும் இடத்தில் ஓட்டோக்காரர்கள் பசையோடு தயாராக இருப்பார்கள். சாவு என்றால் அவர்களும் கேள்வி கேட்க மாட்டார்கள். எத்தனை நோட்டீஸ் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

மழை. ராத்திரி தூங்கவில்லை. சுமதி ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அழிச்சேன்னுதான சொன்னீங்க?"

பக்கத்து லயத்து ராமாயி அக்கா தண்ணீர்ப் பைப்படியில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. செ. வீட்டு வழியில் வெள்ளைக் கொடி கட்டிவிட்டார்களாம். மாமியார் பொகவந்தலாவையிலிருந்து தலையில் அடித்துக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறாள். கதவைத் திறந்தது மருமகனே. அந்த அம்மா அங்கேயே விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இப்போது பரவாயில்லையாம்.

பத்தரைக்கு வந்தான். தனியாக. குடை இல்லை. சட்டைக்குள்ளிருந்து நோட்டீஸை எடுத்து மேசையில் விரித்தான். ஓரத்தில் பசை காயவில்லை. சுமதி நாற்காலி போட்டாள். பழைய நாற்காலி, அவன் மூன்று வருடம் உட்கார்ந்தது. உட்காரவில்லை.

"ஒன் கல்யாணப் படம்" என்றான்.

ரவுட்டர் வயரைத் திரும்பக் குத்தினேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். ஜூன் 28 பதிவுகள் இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 6.10, மூன்று பேர். நேற்று, நாலு பேர். குனிந்து வாசித்தான். இரண்டு தடவை வாசித்தான். தலையிலிருந்து தண்ணீர் கீபோர்டில் சொட்டியது, துடைக்கவில்லை.

"பெட்டரி" என்றேன்.

தலையாட்டினான். திரும்பி மேசையில் கிடந்ததைப் பார்த்தான். மனைவி, பிள்ளைகள் பேர் இருக்கவேண்டிய வெள்ளை இடத்தில் விரலை வைத்தான்.

"இதுலயும் ஒன் பேர் இல்லையே மச்சான்."