நானூற்று இருபத்தெட்டு மார்க்

வியாசர்பாடி,
19.8.2001

அன்பு மகள் ரமாபாய்க்கு அம்மா கெங்கம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாயா, அந்த வீட்டுக்காரர்கள் நேரத்துக்குச் சோறு தருகிறார்களா, மஸ்கட்டில் வெயில் கொஞ்சமாவது தணிந்ததா. இங்கே மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது, லாரித் தண்ணீர்தான் இன்னும். என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மற்றபடி மூச்சு ஓடுகிறது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகள் சேதி சொல்கிறேன். உன் அண்ணன் லோகநாதன் மகன் அன்புமணியை அத்திப்பட்டு அனல் மின்நிலையத்தில் அப்ரண்டிஸாக எடுத்துக்கொண்டார்கள், நம் பிளாக்கிலிருந்து கரண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவன்தான். சாயங்காலம் தலையெல்லாம் சாம்பல் படிந்து வருகிறான், தட்டிவிடாதே அப்படியே மெயின் ரோட்டு வழியாக நடந்து வா நாலு பேர் பார்க்கட்டும் என்று சொன்னேன், ஆயாவுக்கு விளம்பரம்தான் முக்கியம் என்று சிரிக்கிறான். அவன் தங்கை யசோதரா கபடியில் கப் வாங்கிவிட்டாள், பேப்பரில் பொடி எழுத்தில் பெயர் வந்தது, அஞ்சாவது படித்த நான் கண்ணாடி போடாமலே படித்தேன். கீழ் வீட்டு டென்னிஸும் நம் பிள்ளை மாதிரிதானே, அவன் பத்தாவதில் நானூற்று இருபத்தெட்டு மார்க் வாங்கி பதினொன்றில் சேர்ந்துவிட்டான்.

ரமா, இந்த மார்க்கை நீ என் கடிதத்தில் ஏற்கெனவே படித்திருக்கிறாய். ஜூன் மாதம் உன் மகள் எழில்மொழி நானூற்று இருபத்தெட்டு வாங்கினாள் என்று எழுதினேனே, அது டென்னிஸ் மார்க். எழில் பரீட்சையே எழுதவில்லை. அவன் அம்மா படியேறி வந்து சாக்லேட் கொடுத்து மார்க்கைச் சொன்னாள், அன்றைக்கே அதை எடுத்து உனக்கு எழுதிவிட்டேன், அடுத்த வீட்டுக் கொடியில் காயும் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டவள் மாதிரி. நீ அங்கே அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன் என்று பதில் போட்டாய், எழிலுக்கு வாட்ச் கொடுத்தனுப்பினாய். எதுக்கு ஆயா வாட்ச் என்று அவள் கேட்டாள், சும்மாதான் அனுப்பியிருக்கிறாள் என்று அவளிடமும் பொய் சொன்னேன். இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு இந்தக் காகிதத்தை மூன்று நாள் பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

பொய் அதற்கும் முன்னால் தொடங்கியது. உன் தம்பி பீம்ராவ் போன டிசம்பரில் டோல்கேட் பக்கம் கண்டெய்னர் லாரியில் அடிபட்டு இறந்துபோனபோது எழில் பள்ளிக்கூடத்தில் இருந்தாள் என்று உனக்குச் சொன்னேன். இல்லை. அவளும் அவன் பைக்கில்தான் இருந்தாள். திருவொற்றியூரில் பேச்சுப் போட்டியில் ஷீல்டு வாங்கியவளைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தான். அவளுக்கு முழங்கையில் மட்டும் அடி, அது ஆறிவிட்டது. உன் பாஸ்போர்ட்டை அந்த வீட்டுக்காரர்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள், கிளம்பவும் முடியாது, அங்கே உட்கார்ந்து என்ன செய்வாய் என்று மறைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாசம் ஒருமுறை வெள்ளிக்கிழமை நீ மஜீது பாய் பூத்துக்கு போன் செய்யும்போது எழில் டியூஷன் போயிருக்கிறாள் என்றேன் அல்லவா, அப்போதெல்லாம் அவள் வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போன மாதம் நான் போனை வைத்ததும் மஜீது பாய், இன்னாம்மா இது, எத்தினி மாசத்துக்கு டியூசன், கொயந்த கலெக்டருக்கா படிக்குது என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, உன் வேலையைப் பார்த்துக்கினு போ நைனா என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் முகம் எரிந்தது.

அவளை அப்படி ஆக்கியது லாரி மட்டும் இல்லை ரமா, நானும்தான். முப்பதாம் நாள் படத்திறப்பு வைத்தோம், உனக்கு அதன் போட்டோவை அனுப்பினேன். நம் வீட்டில் அய்யர் மந்திரம் கிடையாது, படத்தைத் திறந்து நாலு பேர் மைக்கில் பேசுவதுதான் நம் மரியாதை, உன் அப்பாவுக்கும் அப்படித்தான் செய்தோம். தெரு அடைத்துப் பந்தல் போட்டு இருநூறு நாற்காலி போட்டேன். மாமன் படத்தை மருமகள் திறக்கட்டும், பேச்சில் ஷீல்டு வாங்கியவள் கடைசியாக நடந்ததைப் பேசட்டும், கேட்கிற ஜனம் அழட்டும் என்று நான்தான் முடிவு செய்தேன். அவள் வேணாம் ஆயா என்றாள். ஒரு முறை இல்லை, மூன்று முறை, சமையல்கட்டில் ஒன்று, பந்தலில் ஒன்று, மேடைக்கு ஏறும்போது ஒன்று. ஒன்னத் தூக்கி வளத்த மாமனுக்கு இதுகூட செய்ய மாட்டியாடி என்று கேட்டேன். படத்துத் துணியை இழுத்தாள். பேசினாள். டோல்கேட் வரைக்கும் வந்தாள், அப்புறம் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லு சொல்லு என்றேன், அது மைக்கில் கேட்டது, தெருமுனை வரைக்கும் கேட்டது. ஜனம் கை தட்டியது. எனக்குப் பெருமையாக இருந்தது ரமா, அந்த நேரத்தில் பெருமையாக இருந்தது. அதற்கப்புறம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை, எங்களிடம் ஆங் ஊங் என்பதோடு சரி. லாரி ஹாரன் கேட்டால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வாள். அந்த ஷீல்டை வேறு நான் துடைத்துப் பளபளப்பாக்கி பீம்ராவ் படத்துக்குக் கீழே பலகையில் வைத்தேன், வருகிறவர்களிடமெல்லாம் அந்த நாளில் வாங்கியது என்று எடுத்துக் காட்டினேன். ஒரே அறை, அவள் படுக்கிற இடத்துக்கு நேர் எதிரே.

மே மாதம் அவள் டீச்சர் ஜெனி என்று ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார். தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிற தெற்கத்திக்காரர் மகள், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள். மனசுக்கு அடிபட்டவர்களோடு பேசுவதற்குப் படித்திருக்கிறதாம். எங்க பொண்ணு இன்னா லூசா, கீழ்ப்பாக்கம் கேசுன்னு பேர் வந்தா யாரு கட்டிக்குவான், நீ போய் பருப்பு நிறுத்துப் போடு என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அது கோபப்படவில்லை, சரி பாட்டி, சனிக்கெழம மூணு மணிக்கு ஸ்கூல்ல இருப்போம், வந்தாலும் சரி வராட்டியும் சரி என்று சொல்லிவிட்டுப் போனது. மஜீது பாய் கேட்டதற்கு அடுத்த சனிக்கிழமை நானே எழிலைக் கேட்டேன், போலாமா என்று. அவள் செருப்பை மாட்டினாள்.

அங்கே எல்லா ஜனமும் இருக்கிறது. எண்ணூர்ப் பக்கத்து மீன்காரம்மா ஒருத்தி, யாரோ ஒரு பாய் வீட்டு மருமகள், புளியந்தோப்பில் குடிசை எரிந்துபோன இரண்டு பேர். யாரும் யாரையும் இன்னா நடந்துச்சு என்று கேட்பதில்லை. மீன்காரம்மா எட்டு வாரமாக வாயே திறக்காமல் பூ கட்டிவிட்டு எழுந்து போகிறாளாம், ஜெனி அதற்கும் சரி என்கிறது. போனதும் எழிலிடம் முதலில் கேட்டது, ஒனக்கு எங்கன உக்காரணும், கதவு தொறந்து இருக்கட்டுமா சாத்தட்டுமா என்று. இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நினைத்தேன். எழில் கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். நான் சும்மா இருப்பேனா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விபத்தை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன், எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிவிட்டது. ஜெனி என் கையைத் தொட்டு, பாட்டி கொஞ்சம் இருங்க, புள்ள இங்கனதான இருக்கா, இதச் சொல்லலாமான்னு அவகிட்ட கேட்டியளா என்றது. நான் திரும்பிப் பார்த்தேன். எழில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். இத்தனை மாதத்தில் எத்தனை பேரிடம் எத்தனை முறை அவளை வைத்துக்கொண்டே சொல்லியிருப்பேன் என்று அப்போதுதான் உறைத்தது. எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மீன்காரம்மா பூவில் பாதியை என் பக்கம் தள்ளினாள், நானும் உட்கார்ந்து கட்டினேன்.

ஐந்து சனிக்கிழமை ஆகிவிட்டது. மூன்றாம் வாரம் வீட்டில் எது இருந்தால் தேவலை எது இல்லாவிட்டால் தேவலை என்று ஜெனி அவளைக் கேட்டதாம். வீட்டுக்கு வந்து அவளே சொன்னாள், மாமா படம் இருக்கட்டும் ஆயா, அந்த ஷீல்ட எடுத்துடு. நான் எங்கே வைப்பது என்று கேட்டேன், ஒன் பெட்டில துணிக்கு அடில ஆயா என்றாள், அப்படியே வைத்தேன். மார்க் விஷயத்தையும் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன். டென்னிஸுக்குத் தெரிஞ்சா மார்க்க திருப்பிக் கேப்பான் என்றாள். சிரித்தாளா என்று கேட்காதே, உதடு கொஞ்சம் கோணியது. அடுத்த மார்ச்சில் எழுதுகிறேன் என்று ஒரு நாள் சொல்கிறாள், மறுநாள் வேண்டாம் என்கிறாள், நான் இரண்டுக்கும் சரி என்கிறேன், நாக்கைக் கடித்துக்கொண்டுதான். ஹாரன் சத்தத்துக்கு இன்னும் ஓடுகிறாள்.

இந்தக் கடிதத்தை எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன், எழுதி வாசித்தும் காட்டினேன். ஒரு வரியை அடிக்கச் சொன்னாள், இன்னொரு தாளில் புதிதாக எழுதிவிட்டேன். ரோட்டில் நடந்தது இதில் இல்லை, அது அவளுடையது, சொல்லத் தோன்றினால் உனக்கு அவளே சொல்வாள். நீ வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது எப்படி ஆச்சு என்று கேட்டுவிடாதே, என்ன சாப்பிட்டாய் என்று கேள், அவள் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு இரு. என்னைத் திட்ட வேண்டும் என்றால் தனியாகக் கடிதத்தில் திட்டு, எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன். மகள் பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏர்போர்ட்டில் உன் கையைப் பிடித்துச் சொன்னவள் நான்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைக்கு வேலையும் உன் கண்ணுக்குத் தூக்கமும் குறையாமல் இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய். ஷீல்டு இருந்த இடம் பலகையில் காலியாக இருக்கிறது. நேற்று எழில் அதைப் பார்த்துக்கொண்டே, அம்மா இப்போ எப்டி ஆயா கீது என்று கேட்டாள். நம்மிடம் இருப்பது நீ போகும்போது பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது, நாலு வருஷம் ஆகிறது. ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. இந்தப் புடவை கட்டு, சிரித்த மாதிரி நில் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். உனக்கு எப்படி நிற்கத் தோன்றுகிறதோ அப்படியே நின்று எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
கெங்கம்மா