துணையாள் இருக்கை

"இஞ்சாருங்கோ" என்ற ஒரு சொல்லுக்கு எந்த அறையில் இருந்தாலும் எழுந்து வந்த என் அன்பானவருக்கு,

யாழினி மறுபடியும் ரோலர் கோஸ்டரில் ஏறிவிட்டாள். சந்தோசமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் பழைய எரிச்சல் முன்னுக்கு வந்து நிற்கிறது. கோபிக்காதீர்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள், அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மகளுக்குப் பிறந்ததிலிருந்து கால்களில் பலமில்லை. சக்கர நாற்காலியில்தான் வளர்ந்தாள். கோடை வந்தால் நாங்கள் இருக்கும் ஹேர்னிங் நகரத்திலிருந்து காரில் அந்தக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவோம். நீங்கள் அவளை அள்ளித் தூக்கி ரோலர் கோஸ்டரில் இருத்திவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொள்வீர்கள். நான் கீழே, வெறும் நாற்காலியோடும் சாப்பாட்டுப் பையோடும் நிற்பேன்.

இறங்கி வரும்போது இரண்டு பேருடைய தலைமயிரும் ஒரே பக்கமாகக் கலைந்திருக்கும். உங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிப்பீர்கள். என்ன என்று கேட்டால், "ஒண்டுமில்லை" என்பீர்கள். அந்த ஒண்டுமில்லை எனக்கு எப்படி எரிந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரி, மருந்து, பள்ளிக்கூடத்துச் சண்டை எல்லாம் என் பங்கு. சிரிப்பு மட்டும் உங்கள் பங்கு. யார் பிரித்தது இப்படி?

உங்கள் இதயம் நின்றுபோன பிறகு அவள் பூங்காவின் பேரையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவளை யார் தூக்குவது? முதியோர் இல்லத்து வேலையில் என் இடுப்பு நாரி போனது உங்களுக்குத் தெரியும்தானே.

இந்த வசந்தத்தில் ஒருநாள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அம்மா, இப்ப அங்கை ஒருத்தரும் தூக்கத் தேவையில்லை. ஆளைத் தூக்கி இருத்துற லிஃப்ட் வைச்சிருக்கினம். நான் மியாவோடை போகப்போறன். நீங்களும் வாறீங்களோ?"

மியா, இங்கத்தைய நகரசபையான கொம்யூன் அவளுக்குத் தந்திருக்கிற உதவியாளர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நல்ல பெண்தான். ஆனால் "நீங்களும்" என்ற அந்த "உம்" எனக்குக் குத்தியது. ஓம் என்று தலையாட்டினேன்.

பூங்கா மாறிவிட்டது. வாசலிலேயே அவளுக்கு ஒரு கைப்பட்டி கட்டினார்கள். அது இருந்தால் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டாம், ஒரு நேரத்தைச் சொல்கிறார்கள், அதற்கு வந்தால் போதும். சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கு ஓர் அமைதியான அறை இருக்கிறது. கழிப்பறையில் பெரியவர்களும் படுக்கக்கூடிய கட்டில். காரின் பின் இருக்கையில், ஜன்னலுக்குத் துவாயைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அவளுக்கு உடுப்பு மாற்றியது ஞாபகம் இருக்கிறதா? இப்போது சக்கர நாற்காலியில் ஒரு சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு அம்மா ஆறுதலாகக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குக் கிடைத்தது ஏன் எங்களுக்குக் கிடைக்கவில்லை?

ரோலர் கோஸ்டருக்கு வெளியேறும் பக்கத்தால் சரிவுப் பாதையில் ஏறினோம். மேடையில் அந்த லிஃப்ட் நின்றது. என் வேலையிடத்தில் முதியவர்களைத் தூக்க நாள் முழுக்க நான் பிடிக்கிற அதே சாதி இயந்திரம். மேடையில் நின்ற பெண் சிரித்துக்கொண்டு டேனிஷில் கேட்டாள்.

"துணைக்கு ஏறுவது யார்? ஒருவருக்குத்தான் இடம்."

நானும் மியாவும் ஒன்றாகக் கையை உயர்த்தினோம். மியா உடனே கையை இறக்கினாள். யாழினி அதைக் கவனிக்கவே இல்லை. "மியா" என்றாள்.

நான் பையை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

நீங்கள் இருந்தவரை உங்களில் மட்டும்தான் எனக்குப் பொறாமை. அன்றைக்கு அந்த மேடையில் நின்று மியாவில் பொறாமைப்பட்டேன், யாழினியை ஆடாமல் அசையாமல் இருக்கையில் இறக்கிவிட்ட அந்த இரும்பிலும் பொறாமைப்பட்டேன். ரயில் திரும்பி வந்தபோது இரண்டு பேருடைய தலைமயிரும் கலைந்திருந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் என்ன என்று கேட்கவில்லை.

சாப்பிடும்போது வாய் சும்மா இருக்கவில்லை. மியா தண்ணீர் வாங்கப் போன நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"அப்பா இஞ்சை நிண்டிருந்தால் மியாவைக் கூப்பிட்டிருப்பியோ?"

அவள் கடித்துக்கொண்டிருந்த ரோல்ஸைக் கீழே வைத்தாள். "இல்லை. அப்பாவைத்தான் கூப்பிட்டிருப்பன்."

"நான் பை பிடிக்கிறதுக்குத்தான்."

"அம்மா, நீங்கள் ஒருநாளும் ஏற வாறன் எண்டு சொன்னதில்லையே. உங்களுக்குப் பயமெண்டு அப்பா சொன்னவர்."

அப்படியா சொன்னீர்கள்? நான் எப்போது பயம் என்றேன்? என்னை ஒருக்காலாவது கேட்டீர்களா?

"எனக்குப் பயமில்லை. நான் வாறன்," என்றேன். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த நேரம் கிடைத்ததும் மறுபடி அதே மேடை. ரயில் நடுவழியில் நின்றால் பதறாமல் மகளோடு இருக்க முடியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். "இவள் பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்யிறன்" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, முடியும் என்று டேனிஷில் சொன்னேன். மியா பையை வாங்கிக்கொண்டாள். நாற்காலியையும்.

மேலே ஏற ஏற மரங்கள் சிறுத்தன. உச்சிக்குக் கிட்டப் போனதும் யாழினி என் காதுக்குள் கத்தினாள்.

"இஞ்சைதான் அப்பா கண்ணை மூடுறவர்!"

"என்ன?"

"ஒவ்வொருமுறையும்! கீழை வந்து நிக்குமட்டும் திறக்க மாட்டார். முருகா முருகா எண்டு சொல்லுவார். அம்மாட்டைச் சொல்லிப்போடாதை எண்டு கெஞ்சுவார்!"

அடுத்த நொடி விழுந்தோம். நான் கத்தியதில் பாதி பயம், மீதி சிரிப்பு. பயம் எனக்கென்று சொல்லிவிட்டு நீங்களா முருகனைக் கூப்பிட்டீர்கள்? நான் கண்ணை மூடவில்லை. வயல்கள் சரிந்து வந்ததையும் தூரத்தில் காற்றாலைகள் சுழன்றதையும் கண்டேன். நீங்கள் காணாததை நான் கண்டேன். எனக்கு அதில் சந்தோசம்தான்.

வீட்டுக்கு வரும் வழியில், மியாவை இறக்கிவிட்ட பிறகு, யாழினி இன்னொன்றும் சொன்னாள். நீங்கள் தூக்கும்போது அவளுக்குக் கைகளுக்கடியில் கமக்கட்டு நோகுமாம். வளர்ந்த பிறகு ஊரே பார்க்க அப்பாவின் கையில் கிடப்பது வெட்கமாகவும் இருந்ததாம். "லிஃப்ட் நோகாது, அம்மா. ஒருத்தரும் பாக்கிறதுமில்லை."

"அப்பாட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் அவர் பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்."

அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு சின்ன வெற்றி துள்ளியது, மறைக்கமாட்டேன். உங்களிலும் ஒரு குறை இருந்திருக்கிறது! ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"அப்பா 'ஒண்டு, ரெண்டு, மூண்டு' எண்டு எண்ணித் தூக்கிறன் எண்டுவார். ரெண்டிலையே தூக்கிப்போடுவார். லிஃப்டுக்கு அந்த விளையாட்டுத் தெரியாது."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் காரை ஓட்டினேன். எனக்கு மறுபடியும் உங்களில் எரிந்தது. அதோடு கண்ணும் கலங்கியது. எந்த லிஃப்டோடும் எந்த மியாவோடும் நான் போட்டி போடலாம். இரண்டில் தூக்கிவிட்டுப் போன மனிதனோடு எப்படிப் போட்டி போடுவது?

அடுத்த கோடையிலும் போவோம். துணைக்கு யார் என்று கேட்கும்போது அவள் வாய் திறக்க முதல் நான் கையை உயர்த்துவேன், இது சத்தியம். உங்கள் மீதுள்ள பொறாமையை மட்டும் விடமாட்டேன். அதையும் விட்டால் உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு வேறென்ன இருக்கிறது?

இன்னமும் உங்களோடு கோபமாக,
யாழினியின் அம்மா