கீழே ஒரு மேசை

சேசு மரி சூசை துணை

வில்பட்டி
9-11-81

அன்பு மகள் அருள்மணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை.

ஒரு வாரமாக மழை, பீன்ஸ் அழுகிவிட்டது, அப்பா அதையே பேசிக்கொண்டிருக்கிறார், பேசட்டும். கல்லறைத் திருநாளுக்கு உன் மெட்ராஸ் ஆபீஸ் பியூன் மரியசெல்வம் ஊருக்கு வந்திருந்தான். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். உன்னைப் புகழ்வதாக நினைத்துச் சொன்னான்: "அருளக்கா வைராக்கியம் புடிச்சவங்க டீச்சர். சாயங்காலம் வரைக்கும் சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டாங்க. டைப்பிங் மாடியில, கக்கூஸ் கீழ. கால்ல மாட்டுன இரும்புக் காலிப்பரோட எறங்கினா திரும்ப ஏறணும்ல." சொல்லிவிட்டுச் சிரித்தான். கீழே மேசையே கிடையாதா என்று கேட்டேன். இரண்டு சும்மா கிடக்கின்றன, பழைய ஃபைல் அடுக்கியிருக்கிறார்கள் என்றான். அக்கா கேட்கவில்லையா என்றேன். அது எதையும் கேட்காதுங்க என்றான். நாக்கு வறள உட்கார்ந்து யாருடைய கடிதங்களை அடிக்கிறாய் நீ. கீழே ஃபைலுக்கு இடம் உண்டு, உனக்கு இல்லை.

மறுநாளே கோடைக்கானலுக்கு பஸ் ஏறி, நீ படித்த மடத்துப் பள்ளிக்குப் போனேன். கடைசி வகுப்புக்கு சிஸ்டர் இண்டர்வியூ ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். உனக்கு நடந்த அதே ஒத்திகை. ஆபீசர் வருமுன் உட்கார்ந்துவிடு, காலிப்பர் தெரியாமல் சேலையை இழுத்துவிடு, சிரமம் உண்டா என்றால் இல்லை சார் என்று சொல். நீ ஏதாவது கேட்டால் அடுத்த பிள்ளையை எடுக்க மாட்டார்கள். வாசலில் ஊனமுற்றோர் ஆண்டு என்று துணி கட்டியிருக்கிறது, உள்ளே ஊனத்தை மறைக்கப் பாடம். கதவருகே நின்றபடியே, உன் ஆபீஸ் மாடியைச் சொல்லிச் சண்டை போட்டேன். அடுத்தவளுக்காக என் மகள் தாகத்தோடு கிடக்கிறாள், அவளுக்கு அடுத்தவளுக்காக அவள் கிடப்பாள், இதில் எவள்தான் சிஸ்டர் தண்ணீர் குடிப்பாள் என்று கேட்டேன். சிஸ்டர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் நின்று அவமானப்பட்டு இந்த வேலைகளை வாங்கியவர். அதற்காக நான் குரலைத் தாழ்த்தவில்லை.

அடுத்து உட்கார்ந்தவள் வடகவுஞ்சி பொன்னுத்தாய், ஜூனில் உன் ஆபீசுக்கே இண்டர்வியூவுக்கு வரப்போகிறவள். சிரமம் உண்டா என்று சிஸ்டர் ஆபீசர் மாதிரிக் கேட்டார். அவள் காலிப்பரை முன்னால் நீட்டி வைத்தாள். "இருக்குங்க சார். டைப்பிங் வெரசா அடிப்பேன். மாடி மட்டும் ஆகாது. கீழ மேசை போட்டுக் குடுங்க. அருளக்காவுக்கும் சேத்து." பின்னால் ஒருத்தி, "வேலையே இன்னும் கெடைக்கல, அதுக்குள்ள மேசைக்கு எடம் பாக்குறா" என்றாள். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லு. தலையத் தூக்கிச் சொல்லு" என்றார்.

நீ வாயை மூடிக்கொண்டிருந்தது இவளுக்காகத்தானே. இவள் கேட்கத் தயார். மேனேஜரிடம் நேரே போ. தயவுசெய்து என்று ஒரு முறை சொல், மறுமுறை சொல்லாதே. கீழே உட்கார்ந்தால் இன்னும் கூட அடிப்பேன் என்று சொல், அது உண்மை. காலிப்பர் வாருக்கு எண்ணெய் போட மறக்காதே, மெட்ராஸ் வெயிலில் தோல் வெடிக்கும்.

மாதா உன் பக்கத்தில் இருப்பாள். இரவு ஜெபத்தில் அப்பா உன் பெயரை முதலில் சொல்கிறார். நீ கேட்டு அவர்கள் முடியாது என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு, கஞ்சியோ கூழோ சேர்ந்து குடிப்போம். கேட்காமல் மட்டும் வராதே.

ஆசியுடன்
உன் அம்மா
சூசையம்மாள்