ஐந்து நிறப் பொட்டலம்

ஜூன் 3

எங்கள் கெமர் மொழி எழுத்து வகுப்பு முடிந்து பத்து நாள். அறுபத்தெட்டு வயதில் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். சிமெண்ட் மூட்டை, பால் டின், பேருந்தின் முதுகு! யியாங் கடையில் காய்ச்சலுக்கு ஐந்து நிற மாத்திரை கலந்து கட்டிய பொட்டலம் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட இல்லை.

"என்னம்மா, ஒண்ணுமே எழுதலையே?"

"அது முழுங்கறதுக்கு, பெரியப்பா, படிக்கறதுக்கு இல்ல."

கடையே சிரித்தது. சாதாரணக் காய்ச்சலுக்கு மூன்று நிறம், கடுங்காய்ச்சலுக்கு ஐந்து. இது யாருக்குத்தான் தெரியாது?

ஜூன் 11

மழை பிடித்துக்கொண்டது. என் வாத்துகள் குடிக்கும் தண்ணீரில் யியாங் கடைக் காப்சூல்களைப் பிரித்துக் கொட்டினேன். நோய் ஒன்றும் இல்லை. வராமல் இருக்கத்தான். வருடா வருடம் செய்வது.

ஜூன் 20

யியாங்கின் கணவன் ஹோனை மாகாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆணி குத்திய பாதம் வீங்கிக் கறுத்துவிட்டது. பாவம்.

ஜூலை 9

ஹோனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எழுதவே கை வரவில்லை.

ஜூலை 12

யியாங் கடையில் மாத்திரை ஜாடி ஒன்றுகூட இல்லை. எனக்கு வாத்துக்கு வேண்டுமே!

"இனிமே விக்க மாட்டேன், பெரியப்பா. ஆஸ்பத்திரியில மூணு மருந்து மாத்திப் போட்டாங்க. எதுக்கும் கிருமி அசையல. இதுவரைக்கும் என்ன சாப்பிட்டார்னு டாக்டர் கேட்டார். 'சிவப்பு, மஞ்சள், அப்புறம் ஒரு வெள்ளை'ன்னேன். அவர் பேனாவை மூடி வெச்சுட்டார்."

ஹோன் வலி வந்தால் ரெண்டு நாள் தின்பான், குறைந்தால் விட்டுவிடுவான். அரைகுறையாகத் தின்றுதான் கிருமிக்கு மருந்து பழகிவிட்டதாம்.

"அதுல வாத்துக்கென்ன வந்துச்சு?"

"வாத்துக்குக் கொட்டறதும் அதே மருந்துதான். அதுங்ககிட்ட பழகின கிருமி நம்மகிட்டயும் வரும்."

"என் வாத்து செத்தா நீ வந்து அழுவியா?" என்று கத்திவிட்டு வந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு கடை இல்லாமலா போயிற்று?

ஜூலை 13

இன்னும் கோபம்தான்.

ஜூலை 24

யியாங் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறாள். மாத்திரை இல்லையென்று உப்பு, எண்ணெய் வாங்கக்கூட எல்லோரும் படகேறி அக்கரைக்குப் போகிறார்கள். நானும் போனேன்.

ஆகஸ்ட் 2

வாத்துகள் சுருண்டு விழுகின்றன. அக்கரைக் காப்சூல் இரண்டு கைப்பிடி கொட்டினேன். கேட்கவில்லை. ஐயோ, இந்த வருடப் பிழைப்பே இதுதானே!

ஆகஸ்ட் 3

காலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். யியாங்! பின்னால் கால்நடை ஊழியர் ரத்தானா. நான் கூப்பிடவில்லை. எப்படி முகத்தைப் பார்ப்பது?

"இது வைரஸ், ஐயா. இந்த மாத்திரைக்கு அடங்காது. மத்த கிருமிகளுக்குத்தான் நீங்க மருந்தைப் பழக்கிட்டிருக்கீங்க" என்றார் ரத்தானா. நன்றாக இருந்தவற்றைப் பிரித்துத் தடுப்பூசி போட்டார். யியாங் முழங்கால் சேற்றில் நின்று ஒவ்வொரு வாத்தாகப் பிடித்துக் கொடுத்தாள்.

"அன்னிக்குக் கத்திட்டேன்மா."

"வாத்து செத்தா அழ வரச் சொன்னீங்களே, வந்துட்டேன். அழ நேரமில்ல. அந்தக் கறுப்பைப் பிடிங்க!"

என்ன பெண் இவள்!

ஆகஸ்ட் 19

பாதிக்குமேல் வாத்துகள் பிழைத்துவிட்டன. இன்று புத்த விகாரையில், சோறு பரிமாறும் முன் யியாங் எழுந்து நின்றாள். "அந்தப் பொட்டலத்தையெல்லாம் என் கையாலதான் கட்டினேன். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாமலே கட்டினேன்."

"வித்து முடிச்சப்புறம் ஞானம் வந்துருச்சோ?" என்றாள் மீன்காரி சொவான்.

"ஆமா அக்கா, லேட்டாத்தான் வந்துச்சு. உனக்காவது சீக்கிரம் வரட்டும்."

சிரிப்பு அடங்கியதும் நான் எழுந்து என் வாத்துக் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்துத்தான் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 14

சந்தை நாள். தூரத்து ஊரிலிருந்து ஒருத்தி, யியாங் மாத்திரை விற்பதை விட்டது தெரியாமல், காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிறம் கேட்டு வந்தாள். யியாங் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் பறந்தாள். போகிற போக்கில், "கடையைப் பார்த்துக்கங்க!" என்றாள்.

ஹோன் நாற்காலியில் உட்கார்ந்து காசு வாங்கினான். நான் உப்பு நிறுத்தேன், புளிக்கவைத்த பிராஹோக் மீன் விழுது அளந்தேன். கை முழுக்க நாற்றம். சொவான் வந்தாள்.

"எங்கே அவ?"

"ஒரு பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருக்கா."

"சரி, வரட்டும்" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பின்னால் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். அக்கரைப் படகுக்காரன் இரண்டு முறை கூவிப் பார்த்தான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.