நந்தியாவட்டைக்குப் போட்ட கட்டு

தாயி,

இன்று காலையில் நந்தியாவட்டைக்குத் தண்ணீர் ஊற்றக் குனிந்தேன். பட்டாசு மருந்து நெடி அடித்தது. நீ போன பிறகு நம் வாசலில் அந்த நெடி அடித்ததே இல்லை. அங்கனயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ மருமகளாக வந்த வருசம், தாயில்பட்டியிலிருந்து ஒரு குச்சியாகக் கொண்டுவந்து நட்ட செடி. முந்தாநாள் ஆடிக்காற்று அதைக் கவட்டையோடு பிளந்து போட்டது. பக்கத்து ஆவாரைக்கும் பாதிக் கொப்பு போச்சு. ஆவாரையை அரிவாளால் சரித்து வெட்டிவிட்டேன், அது தானே தளிர்க்கும். நந்தியாவட்டையை வெட்ட மனசு வரவில்லை. உன் மகள்தான், "நீ போ அப்பத்தா, நான் கட்டிக்கிடுதேன்" என்று பிளந்ததைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றிக் கட்டினாள். பிள்ளைக்கு என்ன கைப்பக்குவம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அவள் கட்டியிருந்தது திரி. மருந்து பூசிக் காயவைத்து வெடிக்குச் செருகுகிற கறுப்புத் திரி. ரெண்டு முழம் தள்ளித் துளசிமாடத்தில் நேற்றுச் சாயங்காலம் அவளே விளக்கும் ஏற்றியிருக்கிறாள்!

ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் கொட்டிவிட்டு, சுற்றுச் சுற்றாகப் பிரித்து அவளிடம் நீட்டினேன். பதினைந்து நாளாகக் காலண்டர் பிரஸ்ஸுக்குப் போவதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

"ஏட்டி, பிரஸ்ஸுல இப்ப திரியா அச்சடிக்காக?"

"பையில கெடந்துச்சு. கயிறு தேட நேரமில்ல."

"அந்தப் பை எங்கன போயிட்டு வருது?"

தரையைப் பார்த்தாள். "பிரஸ்ஸுல இன்னும் ஆர்டர் வரல அப்பத்தா. இந்த ஒரு சீசன் மட்டும்."

கடைசியாகப் பட்டாசுக் கம்பெனிக்குப் போன அன்றைக்கு நீயும் இதையேதான் சொன்னாய். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்தாப்புப் படிப்போடு ஊருக்கே மனு எழுதிக் கொடுக்கிறவள், மருமகளிடம் போய்ப் பயமாக இருக்கிறது என்பேனா? அவ்வளவு வீம்பு. "தூக்குவாளிய மறந்துறாத" என்று மட்டும் சொன்னேன். மத்தியானம் கம்பெனிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது.

இன்றைக்கு அந்த வீம்பு நிற்கவில்லை. தெருமுனையில் கம்பெனி வேன் ஆரன் அடித்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "பயமா இருக்குடி எனக்கு. உங்கம்மாகிட்டச் சொல்லல. உன்கிட்டச் சொல்லுதேன்."

அவள் கையை உருவவில்லை. வேன் போய்விட்டது.

பிறகு ரெண்டு பேருமாகக் கரிசல் மண்ணும் சாணியும் குழைத்துப் பிளவில் அப்பி, என் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினோம். அடி ஆடாமல் இருக்கக் கம்பு முட்டுக் கொடுத்தோம். "சாறு ஏற வழி வேணும்ல அத்தை" என்பாயே, அதற்காக முடிச்சை இறுக்காமல் விட்டேன்.

பிளவு கூடுமா என்பது போகப் போகத்தான் தெரியும். வேன் நாளைக் காலையிலும் வரும். உன்னிடம் சொல்லாமல் விட்டதை இத்தனை வருசமாக நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிறேன், தாயி. நாளைக்கும் அவள் கையைப் பிடித்து அதையேதான் சொல்லப் போகிறேன், வெட்கமில்லாமல்.